பிங்கிள்டன் மக்கள் ஒன்றியம், கனடா

அமெரிக்காவில் இருக்கும் ஓர் ஊரை, கனடாவில் இருக்கும் ஓர் அப்பார்ட்மென்ற் கட்டடத்தின் லோண்ட்றி அறையில் இருந்துகொண்டே ஆண்டவர் உலக வரலாற்றில் ஒருவர்தான். அவர் எங்கள் மேயர். அந்த ஊருக்கென்று உண்மையான மேயர் ஒருவர் இருக்கவில்லையா என்று கேட்பீர்கள். இருந்தார். பாவம், தன் பதவி ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில், எங்கள் கட்டடத்தில், பறிபோன செய்தி அவருக்குக் கடைசிவரை எட்டவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எங்கள் கட்டடத்தில் மாடிக்கு மாடி தமிழ்ச் சனம். லிப்ற் கதவு ஒரு மாடியில் திறந்தால் கருவாட்டுக் குழம்பு மணக்கும், அடுத்ததில் சாம்பிராணி, அதற்கடுத்ததில் இரண்டும். நான் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம். பின்னேரங்களில் டோனட் கடையில் கோப்பி ஊற்றுவது, மிச்ச நேரங்களில் அடுத்தவர் விடயத்தில் மூக்கை நுழைப்பது என்று மும்முரமாக இருந்த காலம்.

உடுப்புத் தோய்க்கப் போன ஒரு பனிக்காலக் காலையில்தான் அவரைச் சந்தித்தேன். லோண்ட்றி அறை நடுவே, கறுப்பில் மஞ்சள் பட்டி மினுங்கும் தீயணைப்பு வீரர் கோட்டுடன் ஓர் ஆள் நின்றார். கட்டடம் எரிகிறதாக்கும் என்று நான் கூடையை எறிந்துவிட்டு ஓட்டமெடுத்தேன்.

"நில்லும் பிள்ளை! நெருப்பு ஒண்டும் இல்லை. உது என்ர வின்ரர் கோட்."

"உதை ஆர் உங்களுக்குத் தந்தது, அங்கிள்?"

"பிங்கிள்டன் தீயணைப்புப் படை."

"அது எங்க இருக்கு?"

கேட்டிருக்கக் கூடாது. என் உடுப்புகள் தோய்ந்து, காய்ந்து, எனக்குப் பின் வந்த இரண்டு பேரின் உடுப்புகளும் காய்ந்து முடிந்தபோது அவர் ஊரின் எல்லையைத் தாண்டி ஒரேயொரு சிக்னல் லைற் வரைதான் வந்திருந்தார்.

பிங்கிள்டன், பென்சில்வேனியா மாநிலத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. கிழக்கு மேற்காக ஒரு பெரிய தெரு. குறுக்கே ஒரு ரயில் பாதை. பாதைக்குக் கிழக்கே மெதடிஸ்ற் சேர்ச் சனம், மேற்கே கத்தோலிக்கச் சனம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் அந்தச் சிக்னல் லைற். அதில் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. மஞ்சள் மட்டும் இரவு பகலாகக் கண் சிமிட்டும்.

"அப்ப வாகனம் நிக்கிறதோ, போறதோ அங்கிள்?"

"அது அவரவரின்ர மனச்சாட்சி, பிள்ளை."

சிக்னல் லைற்றுக்கு இடக்கைப் பக்கம் தபால் கந்தோர். அதை ஒட்டி ஆணியும் வாளியும் விற்கும் கடை. எதிரே டொறத்தி அன்ரியின் சாப்பாட்டுக்கடை. பின்னால் தீயணைப்பு நிலையம். அதற்கும் பின்னால், ஊரின் பெயரை ஆளுயர எழுத்தில் எழுதிய தண்ணித் தாங்கி.

"மத்தியானம் பன்னிரண்டுக்குத் தீயணைப்பு நிலையத்தில சைரன் ஊதும். முழு ஊரும் சாப்பிடும். பசியில்லாதவனும் சாப்பிடோணும். அது ஊர் ஒழுங்கு."

ஊர் மக்களைப் பற்றியும் அவருக்குத் தெரியாதது இல்லை.

"அங்கையும் வேலிச் சண்டை இருக்குது. ஆனா வேலி இல்லை."

"வேலி இல்லாமல் எப்பிடி வேலிச் சண்டை?"

"புல்லு வெட்டேக்க ஒருத்தன் மற்றவன்ர வளவுக்குள்ள மெசினை ஒரு சாண் கூட விட்டிட்டான். அண்டைக்கு நிண்ட கதைதான், இண்டைக்கும் கதையில்லை. ஆனா ஒரு வீட்டில ஆருக்கும் சுகமில்லை எண்டால், மற்ற வீட்டுக்காரி சட்டியோட சாப்பாட்டை வாசலில வைச்சு, மணியை அடிச்சிட்டு ஓடிப்போயிடுவா."

இத்தனைக்கும் அவர் பிங்கிள்டனில் இருந்தது ஒரேயொரு குளிர்காலம். அதுவும் தவறுதலாக. கனடாவுக்கு வரும் வழியில், நியூயோர்க்கில் இருந்து, கனடா எல்லையை ஒட்டிய பஃபலோவுக்குப் போகும் பஸ்ஸில் ஏஜென்ற் ஏற்றிவிட்டிருக்கிறார். பனிப்புயலில் பஸ் ஓரிடத்தில் நின்றது. இவர் கழிவறைக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தால் பஸ் இல்லை, ரோட்டும் இல்லை, வெள்ளை மட்டும் இருந்தது. எதிரே வெளிச்சம் தெரிந்த ஒரே கதவைத் தட்டினார். டொறத்தி அன்ரி திறந்தார். புயல் மூன்றாம் நாள் ஓய்ந்தது. ஆனால் கனடா எல்லையில் அகதி விண்ணப்பத்துக்கு அழைக்கும் நாள் தள்ளித் தள்ளிப் போனது. பஃபலோவில் காத்திருக்க வேண்டியவர் பிங்கிள்டனில் காத்திருந்தார். பனி வழித்தார். கடையில் முட்டை பொரித்தார். பெரும்பாலும் கருக்கினார். வெள்ளிக்கிழமைகளில் தீயணைப்பு வண்டி கழுவினார்.

அந்த ஒரு குளிர்காலம் அவருக்கு ஆயுள் முழுவதுக்கும் போதுமாக இருந்தது. எங்களுக்கு அது போதும் போதும் என்றாகிவிட்டது.

ரொறன்ரோவின் உலகப் புகழ்பெற்ற கோபுரத்தைக் காட்டக் கூட்டிப்போன உறவினரிடம் சொன்னாராம்: "உயரம்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா எங்கட பிங்கிள்டனில தண்ணித் தாங்கியில ஊரின்ர பேர் எழுதியிருக்கு. உதில என்ன எழுதியிருக்கு? ஒண்டும் இல்லை. வாற சனத்துக்குத் தாங்கள் எங்க வந்திருக்கினம் எண்டு எப்பிடித் தெரியும்?" றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் சர்க்கரைப் பொங்கலை இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, எங்கள் அம்மாவிடம் குரலைத் தாழ்த்தினார்: "பொங்கல் திறம், அக்கா. ஆனா எங்கட பிங்கிள்டனில ஞாயிற்றுக்கிழமை தீயணைப்பு நிலையத்தில பான்கேக் போடுவினம். ரெண்டு சேர்ச் சனமும் ஒரே வரிசையில நிக்கும். நாங்கள் இங்க கோயில் வரிசையில முழங்கையால இடிக்கிறம்."

இடித்தவர் அம்மாதான். அன்றிலிருந்து அம்மா அவரை மேயர் என்று அழைக்கத் தொடங்கினார். திட்டுவதாக நினைத்துத்தான் அம்மா அந்தப் பெயரை வைத்தார். ஆனால் அவர் அதைப் பட்டமாக ஏற்றுக்கொண்டார்.

மேயருக்கு ஒரே எதிரி, தலைவர்.

தலைவரைப் பற்றிச் சொல்லுமுன் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒவ்வொன்றுக்கும் ரொறன்ரோவில் ஒரு மக்கள் ஒன்றியம் இருந்தது. பெரிய கிராமம் என்றால் இரண்டு. ஏனென்றால் முதலாவது ஒன்றியம் சண்டையில் உடைந்திருக்கும். கோடை வந்தால் ஒன்றியங்கள் பூங்கா பூங்காவாக ஒன்றுகூடல் வைக்கும். சாக்கோட்டம், தேசிக்காயும் கரண்டியும், கயிறிழுத்தல், ஒலிபெருக்கி, ஆட்டிறைச்சி ரோல்ஸ், பிரதம விருந்தினராக ஒரு வெள்ளைக்கார அரசியல்வாதி. எங்கள் கட்டடத்தின் கீழ்மாடியில் குடியிருந்த தலைவர் தன் கிராமத்து ஒன்றியத்தின் நிரந்தரத் தலைவர். லிப்றுக்குள் ஏறினாலும் கூட்டம் ஆரம்பிப்பது போலத் தொண்டையைச் செருமுவார்.

ஒருநாள் லொபியில் லிப்றுக்குக் காத்து நின்றபோது செருமினார்.

"ஐசே மேயர், கனநாளாக் கேக்கோணும் எண்டு நினைச்சனான். நீர் ஊரில எவடம்?"

"பிங்கிள்டன்."

"அதை விடும். சொந்த ஊர்?"

"அதைத்தானே சொல்லுறன். பிங்கிள்டன்."

"அப்பர் எவடம்?"

"அப்பர் ஸ்ரேசன் மாஸ்ரர். ரெண்டு வருசத்துக்கு ஒரு ஸ்ரேசன்."

"சரி, நீர் பிறந்தது?"

"ரயில்வே குவாட்டர்ஸில."

"எந்த ஊர்க் குவாட்டர்ஸ்?"

"அது நினைவில்லை, அண்ணை. எல்லாக் குவாட்டர்ஸுக்கும் ஒரே மஞ்சள் பெயின்ற்."

லொபியில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேயரும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒரு ஊரில இருந்தும் எங்களை ஆரும் வழியனுப்பினதில்லை. வாற ஸ்ரேசன் மாஸ்ரரின்ர சாமான் இறங்கும், எங்கட சாமான் ஏறும், அவ்வளவுதான். பிங்கிள்டனில நான் வெளிக்கிடேக்கதான் எனக்காகச் சைரன் ஊதினவை."

"மத்தியானமோ?" என்றேன்.

"காலமை ஒன்பது மணிக்கு. முழு ஊரும் குழம்பிப்போய்ச் சாப்பிட்டுது."

தலைவர் சிரிக்கவில்லை. "பேரைக் கேட்டாலே பிஸ்கற் பெட்டி மாதிரி இருக்கு. உப்பிடி ஒரு ஊர் இல்லை" என்றார். நான் ஓடிப்போய் பெற்றோல் நிலையத்தில் இருந்து அமெரிக்க ரோட் வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்து லொபித் தரையில் விரித்தேன். எல்லோரும் குனிந்தோம். மேயர் சொன்ன இடத்தில் வரைபடத்தின் மடிப்பு இருந்தது. மடிப்பில் கடதாசி தேய்ந்து வெள்ளையாகிப்போயிருந்தது.

"பாத்தியளோ? இதே வெள்ளைதான்!" என்றார் மேயர் உற்சாகமாக. "நான் இறங்கேக்கயும் இப்பிடித்தான் இருந்தது."

தலைவர் நிமிர்ந்தார். "இஞ்ச பாரும். ஒன்றியம் இல்லாத ஊர் ஊரே இல்லை."

"அப்ப நான் வைக்கிறன்."

"ஒன்றுகூடல்?"

"அதுவும் வைக்கிறன்."

"சரி. அதுக்கு உம்மட ஊர்ச்சனம் ஒராளாவது வரட்டும். வந்தால் என்ர கையாலயே உமக்குப் பொன்னாடை போர்த்து, 'பிங்கிள்டனைச் சேர்ந்தவர்' எண்டு மைக்கில சொல்லுறன். ஆரும் வராட்டி இந்தக் கட்டடத்துக்குள்ள 'எங்கட பிங்கிள்டன்' எண்ட கதை இனி இருக்கப்படாது. சம்மதமோ?"

"சம்மதம்."

"எங்கட பிங்கிள்டனில" என்று தொடங்காமல் அந்த மனிதரால் "மழை பெய்யுது" என்றுகூடச் சொல்ல முடியாது. அந்த ஊரையும் பறித்துவிட்டால் அவரிடம் மிஞ்சுவது மஞ்சள் பெயின்ற் மட்டும்தான். போய்க் கூட்டிவரவும் வழியில்லை. கையில் அகதிக் கடதாசிதான். எல்லையைத் தாண்டினால் திரும்பி வரமுடியாது.

அந்த இடத்திலேயே நான் செயலாளராகப் பொறுப்பேற்றேன். மேயர் தயங்கினார். ஒன்றியத்தின் யாப்பின்படி, அதாவது விதிகளின்படி, பிங்கிள்டனில் பிறந்தவர், அங்கே மணம் முடித்தவர், அல்லது அங்கே ஒரு குளிர்காலம் கழித்தவர்தான் உறுப்பினராகலாம். யாப்பை அவர் அரை நிமிடத்துக்கு முன்தான் மனதுக்குள் எழுதியிருந்தார். கடைசியில் எனக்கு நேர்முகப் பரீட்சை வைத்தார்.

"தபால் கந்தோரில நிக்கிறீர். சைரன் ஊதுது. எங்க போவீர்?"

"நேர எதிர்ப்பக்கம், டொறத்தி அன்ரியின்ர கடைக்கு."

"சிக்னல் லைற்?"

"மனச்சாட்சிப்படி."

"பாஸ்!"

ஞாயிற்றுக்கிழமை ரெலிபோன் காட் ஒன்றைச் சுரண்டி டொறத்தி அன்ரியின் கடைக்கு அடித்தோம். போன் மேசைக்கு மேசை போனது. கடையில் இருந்த ஒவ்வொருவரும் எடுத்து, மேயரின் சுகம் விசாரித்து, தங்கள் முழங்கால் வலியைச் சொல்லி, அடுத்தவரிடம் கொடுத்தார்கள். கடைசியாக டொறத்தி அன்ரி எடுத்தார். மேயர் ஒன்றுகூடல் திகதியையும் பூங்காவின் பெயரையும் மூச்சுவிடாமல் சொன்னார். மறுமுனையில், "நிச்சயமாக நாங்கள்..." என்றதோடு காட் முடிந்துவிட்டது. நிச்சயமாக வருவார்களா, நிச்சயமாக வரமாட்டார்களா?

"வருவினம்" என்றார் மேயர். காட்டை நான்கு தரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஆடி மாதத்துச் சனிக்கிழமை. மோர்னிங்சைட் பூங்கா. வேண்டுமென்றே அதே நாளில் தலைவரும் பக்கத்துத் திடலைப் பிடித்திருந்தார். அங்கே நூற்றுக்கணக்கில் சனம், கொடி, தோரணம். இங்கே எங்கள் வீட்டுக் கட்டில் விரிப்பில் நான் நீல மையால் எழுதிய "பிங்கிள்டன் மக்கள் ஒன்றியம், கனடா. முதலாவது ஒன்றுகூடல்." அதன் கீழே மேயர், கொளுத்தும் வெயிலில் அதே தீயணைப்புக் கோட்டுடன். முன்னால் ஒரு அண்டா நிறைய பான்கேக் மா. "சும்மா எட்டிப் பார்க்க" வந்த அம்மா, ஐந்து நிமிடத்தில் தோசைக்கல்லைப் பறித்துக்கொண்டார்.

"அக்கா, உது தோசை இல்லை. உப்பிடி இழுத்துத் தேய்க்கப்படாது. தடிப்பா இருக்கோணும்."

"எனக்குத் தெரியும். மா எண்டால் மாதான். தள்ளி நில்லும், கோட்டில நெருப்புப் பத்தப்போகுது."

"இது பத்தாத கோட், அக்கா."

பதினொரு மணி. பூங்கா வாசலில் எங்கள் பக்கமாக ஒரு வாகனமும் திரும்பவில்லை. பக்கத்துத் திடலில் இருந்து "ஹலோ, ஹலோ, மைக் ரெஸ்ரிங்" கேட்டது. பிறகு நாதஸ்வரக் கசற். பிறகு கைதட்டல். அவர்களுடைய பிரதம விருந்தினர் வந்துவிட்டார் போலும். மேயர் வாசலைப் பார்த்தபடியே நின்றார். அம்மா சுட்ட பான்கேக்குகள், எல்லாமே தோசை மெல்லிசில், கோபுரமாக உயர்ந்துகொண்டிருந்தன.

பன்னிரண்டு மணி. மேயர் மணிக்கூட்டைப் பார்த்தார். இரண்டு கைகளையும் வாயில் குவித்து, பூங்காவே திரும்பிப் பார்க்கும்படி சைரன் ஊதினார். ஒருவரும் வரவில்லை. அவர் ஒரு பான்கேக்கை எடுத்தார். நின்றபடியே சாப்பிட்டார். பசியில்லாதவனும் சாப்பிடோணும். அது ஊர் ஒழுங்கு.

என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ரோல்ஸ் எடுத்துவருகிறேன் என்று சாட்டுச் சொல்லிவிட்டுப் பக்கத்துத் திடலுக்கு நழுவினேன்.

அங்கே மேடையில், கழுத்து மறையும் அளவுக்கு மாலைகளோடு ஒரு வெள்ளைக்கார அம்மா குத்துவிளக்கில் கடைசித் திரியை ஏற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பொன்னாடையோடு ஒரு கிழவர், தலையில் தொப்பி. முன்வரிசையில் இன்னும் பத்துப் பன்னிரண்டு வெள்ளைக்காரர், ஆளுக்கொரு ரோல்ஸோடு. அவர்களில் ஒருவர் தேசிக்காய் ஓட்டத்தில் வென்ற பிளாஸ்ரிக் வாளியைக் கட்டிப்பிடித்திருந்தார். வரிசையின் இந்த முனையில் ஒரு குடும்பம், அந்த முனையில் இன்னொரு குடும்பம். இரண்டும் ஒன்றையொன்று கவனமாகப் பார்க்காமல் இருந்தன.

தலைவர் ஒலிபெருக்கியில் முழங்கினார்: "எமது பாராளுமன்ற உறுப்பினர் அவர்கள், குடும்பத்தார் சகிதம், எமது மக்களுக்கு ஆற்றிய அரும்பணிகளை..."

கிழவரின் தொப்பியைப் பார்த்தேன். மேயரின் கோட்டு முதுகில் இருக்கும் அதே தீயணைப்புப் படைச் சின்னம். எடுத்த ரோல்ஸைத் தட்டிலேயே திரும்ப வைத்தேன்.

நடந்தது இதுதான். பூங்கா வாசலில் ஒரு சேர்ச் வான் வந்து நின்றிருக்கிறது. "தமிழ் ஒன்றுகூடல் எங்கே?" என்று கேட்டிருக்கிறார்கள். பாராளுமன்ற உறுப்பினருக்காகக் காலையில் இருந்து மாலையோடு காத்து நின்ற தலைவர், வெள்ளைக்கார முகத்தைக் கண்டதும் மற்றதை விசாரிக்கவில்லை. அவர் வரவேற்ற வேகத்தில் அவர்களுக்கும் விசாரிக்க இடம் கிடைக்கவில்லை. விருந்தாளிகளை இப்படித்தான் நடத்துவார்களாக்கும் என்று நினைத்து விளக்கேற்றச் சொன்னால் ஏற்றினார்கள், ஓடச் சொன்னால் ஓடினார்கள்.

தலைவர் மைக்கைப் பணிவோடு அந்த அம்மாவிடம் நீட்டினார். அவர் ஆங்கிலத்தில் பேசியது இரண்டு திடலுக்கும் கேட்டது.

"நாங்கள் என்ன செய்தோம் என்று இவ்வளவு மரியாதை, எனக்கு விளங்கவில்லை. நாங்கள் விடியமுதல் வெளிக்கிட்டு வருகிறோம். என் பெயர் டொறத்தி. சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் பிங்கிள்டன். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் உங்களோடு இருக்கிறான். முட்டையைக் கருக்குவான். அவனை எங்கே வைத்திருக்கிறீர்கள்?"

நான் திரும்பி ஓடினேன். ஓடத் தேவையே இருக்கவில்லை. மேயர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். ஓடிவரப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ கோட்டின் பொத்தான்களைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் பூட்டினார். காலரைச் சரிசெய்தார். பிறகு இரண்டு திடலுக்கும் நடுவே, அணிவகுப்பில் போவது போல நடந்தார். அம்மா பான்கேக் கோபுரத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

டொறத்தி அன்ரி தன் கழுத்து மாலை அத்தனையையும் கழற்றி மேயருக்குப் போட்டார். பிறகு அவர் கன்னத்தைக் கிள்ளி, "மெலிந்துபோனாய்" என்றார். மேயரின் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. பூ மட்டும்தான் தெரிந்தது.

தலைவருக்குப் பக்கத்தில் இருந்த யாரோ காதில் விடயத்தைச் சொன்னார்கள். அவர் முகம் பிங்கிள்டன் சிக்னல் லைற் போல மஞ்சளாகிச் சிமிட்டியது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மனிதர் வாக்குத் தவறவில்லை. மேசையில் இருந்த கடைசிப் பொன்னாடையை எடுத்தார். செருமினார். "பிங்கிள்டனைச் சேர்ந்த..." என்று தொடங்கி, பெயர் தெரியாமல் திணறி, "எங்கட மேயர்!" என்று முடித்தார்.

உண்மையான பாராளுமன்ற உறுப்பினர் மூன்று மணிக்கு வந்தார். ஒருவரும் கவனிக்கவில்லை. அம்மா அவரை வரிசையில் நிற்கச் சொல்லி ஒரு பான்கேக் கொடுத்து அனுப்பினார்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று வருடத்தில் மேயருக்குக் கனடியப் பிரஜாவுரிமை கிடைத்தது. கிடைத்த கையோடு ஒரு மாதம் நிற்கப்போகிறேன் என்று பிங்கிள்டனுக்கு வெளிக்கிட்டார். ஒரு கிழமை ஆகவில்லை, டொறத்தி அன்ரி எங்கள் வீட்டுக்குப் போன் அடித்தார்.

"இவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வாயைத் திறந்தால் 'எங்கள் மோர்னிங்சைட்டில்' என்றுதான் தொடங்குகிறான். எங்கள் தண்ணித் தாங்கியைப் பார்த்து, உங்கள் லிப்ற் இதைவிட உயரம் போகும் என்கிறான். பான்கேக்குக்குச் சம்பல் கேட்கிறான். தீயணைப்புப் படையில் எல்லோருக்கும் உன் அம்மாவின் பெயர் தெரிந்துவிட்டது. நேற்று ஒருத்தர் என்னிடம் கேட்கிறார், உண்மையில் மோர்னிங்சைட் என்று ஓர் இடம் இருக்கிறதா என்று."

பத்தாம் நாள் மேயர் திரும்பிவிட்டார். அன்று லொபியில் லிப்றுக்குக் காத்து நானும் அம்மாவும் தலைவரும் நின்றோம். மேயர் பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார். அதே கோட். தலைவர் தொண்டையைச் செருமினார்.

"என்ன மேயர், எங்கட பிங்கிள்டனில எல்லாரும் சுகமோ?"

மேயர் பெட்டியைக் கீழே வைத்தார். சிக்னல் லைற்றில் இருந்து தொடங்கினார். லிப்ற் வந்தது, கதவு திறந்தது, மூடியது, போனது. நாங்கள் ஒருவரும் ஏறவில்லை.